அலுமாரியில் விட்டுப்போன தோற்பை

டொக்டர் சிவபாதம் யாழ்ப்பாணத்தில் காலமானார் என்ற செய்தி போன கிழமை தந்தியாக எங்கள் கந்தோருக்கு வந்தது. கிளிநொச்சியில் அவர் மிருக வைத்தியராக இருந்த ஒன்பது வருடமும் நான் அவருடைய உதவியாளன். தந்தியை மேசையில் வைத்துவிட்டு, அலுமாரியில் இருந்த அவருடைய தோற்பையை எடுத்துத் துடைத்தேன். அன்று வேறு வேலை ஓடவில்லை.

பையில் மூன்று சாமான்கள்: நாயின் வாயைத் திறந்தபடி பிடிக்கும் திருகு வைத்த இரும்புச் சட்டம், நீண்ட பிடியுள்ள சிறு கண்ணாடி, வெளிச்சம் அடிக்க ஒரு ரோச். ஒருமுறை உருத்திரபுரத்தில் ஒரு நாய் சோறு தின்னாமல் கிடந்தது. ஆரோ கண்பட்டு வந்த நாவூறு என்றார் வீட்டுக்கார அம்மா. "வாயைப் பாத்திட்டுக் கதைப்பம் அம்மா" என்று டொக்டர் சட்டத்தை மாட்டினார். கடைவாயில் சொத்தைப் பல். அதைப் பிடுங்கியதும், அம்மா தன் பல்லையும் பார்க்கச் சொல்லி நின்றார். டொக்டர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நாயாற்றுக் கதையும் தெரிந்திருக்கும். பார்க்காமலே ஒரு நல்ல நாயைச் சுடச் சொன்னார் என்பார்கள். அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

அன்று அவர் ஒரு மாட்டின் பேறு பார்க்கப் போயிருந்தார். நாயாற்று மீனவர் அந்தோனிப்பிள்ளையின் நாய் தண்ணீர் குடிக்கவில்லை என்று ஆள் வந்தது. பை பாரம் என்று விட்டுவிட்டு நான் போனேன். வாய் மூடாமல் வீணீர் வடிய நின்ற நாயைத் தூரத்திலிருந்து பார்த்து, "விசர்தான். சுட்டுப்போடுங்கோ" என்றேன். அந்தோனிப்பிள்ளை அழுதழுது தன் கையாலேயே சுட்டார்.

விசர்நாய் நோய் என்று சந்தேகப்பட்டால் செத்த நாயின் தலையைக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதைப் பொதி செய்யுமுன் டொக்டர் சட்டத்தை மாட்டி வாயைத் திறந்தார். மேலண்ணத்தில் குறுக்கே ஒரு கெளிற்று மீன் முள் இறுகியிருந்தது. விசர் இல்லை என்றே கொழும்பிலிருந்தும் மறுமொழி வந்தது. அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இருவரும் நாயாறு போனோம். "பிழை என்னிலை. நான் சொல்லித்தான் இவர் வந்து சொன்னவர்" என்றார் டொக்டர்.

"படிச்ச மனுசன் நீங்கள். இனி இந்தப் பக்கம் வராதேங்கோ" என்றார் அந்தோனிப்பிள்ளை. நான் பக்கத்தில் பேசாமல் நின்றேன். வெட்கங்கெட்டவன்.

திரும்பும்போது, "ஏன் சேர் அப்பிடிச் சொன்னியள்?" என்று கேட்டேன்.

"வேலை போனால் நாலு பிள்ளையளோடை எங்கை போவீர்? எண்டைக்காவது நீரே போய்ச் சொல்லும்."

யாழ்ப்பாணத்தில் டொக்டரின் செத்தவீடு முடிந்து நேரே நாயாற்றுக்குப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்த அந்தோனிப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலையைக் கீழே வைத்தார்.

"அந்த மனுசன் உயிரோடை இருக்கேக்கை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

தோற்பை இப்போது என்னிடம். அது இல்லாமல் எங்கும் போவதில்லை. அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். அதை அவர் போன பிறகுதான் செய்தேன்.