அல்பாக்காவின் நெற்றியில் குங்குமம்

நேற்று மகளின் முயலுக்குக் காய்ந்த புல் வாங்கப் போனவன், பையின் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். கப்பலில் வந்த புல், பினாங்கு மழை வேறு. பூசணம் இல்லை என்று மூக்கு சொல்லாமல் நான் நம்புவதில்லை.

இந்தச் சந்தேகப் புத்தி, மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பண்ணையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்டது. அங்கே அல்பாக்காக்கள் இருந்தன. ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தம், உடம்பெல்லாம் கம்பளி. அந்தக் கம்பளியையும் நம்பக்கூடாது. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும்; முதுகெலும்பை அழுத்திப் பார்த்தால்தான் இளைத்தது தெரியும். சாப்பாடு காய்ந்த புல்தான். கூடவே கொஞ்சம் தீவனம், நல்ல தண்ணீர். சோறும் இனிப்பும் அளவுக்கு மீறி உள்ளே போனால் வயிறு புளித்து உயிருக்கே ஆபத்து. அதனால் வருகிறவர்களின் பைகளையெல்லாம் சுங்க அதிகாரி மாதிரி நோட்டம் விடுவேன்.

அப்படியும் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வெள்ளையன் என்ற அல்பாக்கா எழுந்திருக்கவில்லை. புல்லைத் தொடாமல், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்திருந்தது. நெற்றியில் ஏதோ சிவப்பு. ரத்தமோ என்று பதறித் தொட்டால், குங்குமம். வாயை மோந்தேன். நெய், ஏலக்காய். எங்கள் வீட்டு வாசனை.

முந்தைய நாள் அம்மா, நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்திருந்தாள். அவள் பையை மட்டும் நான் பார்க்கவில்லை.

"மாடே இல்லாத டவுன்ல வேற எதுக்குடா பொங்கல் வைக்கிறது?" என்றாள் போனில். "இலையோட தின்னுச்சு. உங்க பாஸ் பட்டினி போடுறாரு போல."

மருத்துவர் வந்து பார்த்தபின் வெள்ளையனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது திரும்பவில்லை. மேலாளர் சூசை அண்ணனிடம் கேட்டேன்.

"ஈப்போ டவுன் பக்கம் ஒரு ஃபார்ம்ல இருக்குலா, தம்பி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் நம்பவில்லை. ஆனால் அதையே கொண்டுபோய் அம்மாவிடம் சொன்னேன். தன் கையால் வைத்த பொங்கல் ஓர் உயிரைக் கொன்றது என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பாள்.

"அது நல்லா இருக்காடா?"

"நல்லா இருக்கும்மா."

"நெஜமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பண்ணை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அம்மாவும் போன வருஷம் போய்விட்டாள். இந்தப் பொங்கலுக்கு ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.