பந்தயத் திடலில் எட்டுச் சுற்று

ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் இருக்க என்னால் முடியாது. வில்லரேயில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடியில் நான் நடக்கிற நடைக்கு, கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் தட்டுவார். பகலில் தொழிற்சாலையில் லேத் வேலை. கனடா வந்து நாலாம் வருடம் பிளேன் ஓட்டப் பழகினேன். பிறகு வேலைத்தலத்து நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, நாலு பேர் இருக்கக்கூடிய பழைய பிளேன் ஒன்றும் வாங்கினேன். ஊர்ச்சனம், "உனக்கென்ன விசரோ?" என்று முகத்துக்கு நேரேயே கேட்டது.

மனைவி அப்படிக் கேட்கவில்லை. ஆனால் டோர்வால் விமான நிலையத்தில் இறங்கப் போகிற பிளேன் ஏதும் வீட்டுக்கு மேலே தாழப் பறந்தால், மகளை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாழ்ப்பாணத்தில் குண்டு போடப் பொம்மர் வந்த நாட்களில், பங்கருக்குள் இருக்கப் பொறுக்காமல் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தவன் நான். வந்து ஆறு வருடமாகியும் இவளுக்கு மட்டும் ஏன் இந்தப் பயம்? அதை முறித்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

நெவாடா பாலைவனத்தில் செப்டம்பர் மாதத்தில் விமானப் பந்தயம் நடக்கும். உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானங்கள், கம்பங்களைச் சுற்றித் தலைக்கு மேலே பறக்கும். அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் சரியாகிவிடும் என்பது என் வைத்தியம்.

"நான் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றாள் மனைவி.

"நீர் வராட்டி நானும் போகேல்லை," என்று ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். கடைசியில் மகளை செயின்ட்-மிஷேலில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். எங்கள் பிளேனுக்குப் பாரக் கணக்கு முக்கியம். குளியலறைத் தராசில் அவளையும் ஏற்றி, பருத்தித்துறை வடை போட்ட தகரப் பேணியையும் நிறுத்து எழுதினேன். வடையில் பாதியை இறக்கச் சொன்னபோது மட்டும் அவள் முறைத்தாள்.

எல்லை தாண்டி வெர்மொண்டில் இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, மேற்கே திரும்பினோம். அவள் ஒருமுறைகூடக் கண்ணை மூடவில்லை. வயல்களைப் பார்த்தபடி வடை கடித்துக்கொண்டிருந்தாள்.

"பயம் போயிட்டுதோ?" என்று வெற்றிக் களிப்போடு கேட்டேன்.

"உள்ளுக்கை இருக்கேக்கை என்ன பயம்? கீழ நிக்கேக்கைதான்," என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. எதிர்க்காற்றில் எரிபொருள் காணுமா என்ற கணக்கில் இருந்தேன்.

வயோமிங்கில் முகில் இறங்கி எங்களை இரண்டு நாள் மறித்தது. சின்ன விமானத்தளம். ஒரு கோப்பி மெஷின், இரண்டு கதிரை. பந்தயம் தவறிவிடும் என்ற தவிப்பில், அந்த ஓடுபாதை ஓரத்தை நான் எத்தனை தரம் நடந்து அளந்தேனோ தெரியாது. பத்து நிமிடத்துக்கொரு தரம் வானிலை கேட்டதில், தொலைபேசியில் பேசிய பெண்ணுக்கே என் குரல் பழகிவிட்டது. அவள்மேலும் எரிந்து விழுந்தேன்; என் மனைவிமேலும்தான்.

"கொஞ்சம் இருங்கோவன்," என்றாள் மனைவி.

"உமக்கென்ன, பந்தயம் தவறினாச் சந்தோசம்தானே!"

அவள் எழும்பிப் போய் எனக்கொரு கோப்பி எடுத்து வந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பந்தயத்தின் கடைசி நாள் காலையில் போய்ச் சேர்ந்தோம். மரப்படி இருக்கைகளில் ஆயிரக்கணக்கான சனம். அவள் சால்வையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். "ஒண்டுமில்லை, நான் பக்கத்திலை நிக்கிறன்," என்றேன்.

எட்டுச் சுற்றுப் பந்தயம். தூரத்து மலையடியில் புள்ளிகளாகத் தெரிந்தவை ஒரு பக்கமாகச் சரிந்து, மூக்கைத் தாழ்த்தி எங்களை நோக்கி வந்தன. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. "பதியிறான்! படுங்கோ!" என்று, ஊரில் பொம்மர் குண்டு போடத் தாழும்போது கத்துகிற மாதிரி, யாரோ தமிழில் கத்தினார்கள்.

கண்ணைத் திறந்தபோது இருக்கைகளுக்கு இடையில் குப்புறக் கிடந்தேன். காதைப் பொத்தி, குண்டு வெடிப்பில் செவிப்பறை கிழியாமலிருக்க ஊரில் சொல்லித் தந்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தேன். கத்தினது நான்தான். முழங்கை உரசி இரத்தம் வந்திருந்தது. சுற்றிலும் நின்றவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். என் உடம்பு நடுங்கியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது, ஆனாலும் நின்றாள். குனிந்து சால்வையை என் தலைமேல் போட்டாள்.

நான் எழும்பப் பார்த்தேன்.

"எழும்ப வேண்டாம்," என்றாள். "இன்னும் ஏழு சுத்து இருக்கு. நான் பாத்துச் சொல்லுறன்."

ஏழு சுற்றையும் அவள் நின்றபடியே எனக்கு எண்ணிச் சொன்னாள்.