எழவு வீட்டுக் கேசட்

சங்கரன்கோவிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டுக் கேசட் உண்டு. யாரும் அதை வீட்டில் போடமாட்டார்கள். மைக்செட்டில் அது கேட்டால் "யாரு போனது?" என்றுதான் கேட்பார்கள். யார் பாடினது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு அதில் ரொம்ப நாள் கோபம். அந்தக் கோபத்தில்தான் என் மகள் கல்யாணத்தில் அதைப் போட வைத்தேன்.

பாடினது மேலநீலிதநல்லூர் பக்கத்து அக்கா ஒருத்தர். பாட்டுக் கட்டினதும் அவரேதான். களை எடுக்கும்போது கட்டிய பாட்டுகள். கேசட் காலம் முடியப் போகிற நேரத்தில் மதுரைக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்தார். எட்டுப் பாட்டு. உடுக்கையும் ஜால்ராவும் மட்டும்தான். குரல் கனமான குரல். அவசரமே இல்லாமல் இழுத்துப் பாடுவார்.

எங்கள் ஊரில் அதை முதலில் வாங்கினவர் ஒரு மைக்செட்காரர். வாங்கின வாரமே எங்கள் தெருவில் ஒரு பெரிய மனுஷர் செத்துப்போனார். துக்க வீட்டில் சோகப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது டேப் சிக்கிக்கொண்டது. மைக்செட் சும்மா இருந்தால் வீட்டுக்காரர்கள் சத்தம் போடுவார்கள். அவர் பெட்டியில் கைக்கு அகப்பட்ட இந்தக் கேசட்டைப் போட்டுவிட்டார். அந்தக் குரலைக் கேட்டு சனம் இன்னும் அதிகமாக அழுதது. என்ன பாடுகிறார் என்று யார் கவனித்தார்கள்? அடுத்த சாவு வீட்டில், "அங்க போட்டீரே, அதப் போடும்" என்றார்கள். அத்தோடு முடிந்தது. எழவு வீட்டுக் கேசட் என்று பேர் விழுந்துவிட்டது. கேசட் கடைக்காரர் மிச்சம் இருந்ததையெல்லாம் திருப்பி அனுப்பினார். அந்தக் கேசட்டைத் தொங்கவிட்ட கடையில் யார் வந்து கல்யாணப் பாட்டு வாங்குவார்கள்? அக்கா அதற்குப் பிறகு பாட்டுக் கட்டவும் இல்லை, எங்கேயும் பாடப் போகவும் இல்லை.

என் புருஷன் செத்த அன்றைக்கு எங்கள் வீட்டிலும் அதுதான் ஓடியது. அவர் விசைத்தறி ஓட்டினார். நானும்தான். மாரடைப்பில் போய்விட்டார். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அழு, அழு என்று பெண்கள் என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அப்போது மூன்றாவது பாட்டு வந்தது.

"கரண்டு போனா படுக்குதீரு, கரண்டு வந்தா முழிக்குதீரு,
தறிக்கு வாக்கப்பட்டேனா, உமக்கு வாக்கப்பட்டேனா?"

என் புருஷனும் அப்படித்தான். கரண்டு போன நிமிஷம் தறி ஓரமாகத் துண்டை விரித்துவிடுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சுற்றி இருந்தவர்கள் விம்முகிறேன் என்று நினைத்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

காரியம் முடிந்த பிறகு மைக்செட்காரரிடம் போய் அந்தப் பாட்டுகளை என் போனில் ஏற்றித் தரச் சொன்னேன். கேசட்டை அவர் எப்போதோ பென்டிரைவுக்கு மாற்றியிருந்தார். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏம் தாயி, அது எதுக்கு?" என்றார். "கேக்கத்தான் அண்ணாச்சி" என்றேன். ஒருநாள் சாயங்காலம் வீட்டில் கொஞ்சம் சத்தமாகப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி தலையை முடியக்கூட நேரமில்லாமல் ஓடிவந்தாள். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று வாசலில் நின்று கத்தினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பருப்புதான் வேகிறது என்றேன். என்னைத் திட்டிவிட்டுப் போனாள். அதிலிருந்து காதில் மாட்டித்தான் கேட்பேன்.

தினமும் கேட்டேன். அதில் ஒரு பாட்டிலும் சாவு இல்லை. ஒரு பாட்டு பஸ்ஸைப் பற்றி.

"சிவகிரி பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டுப் பிடிச்சுத் தந்தவரே,
சீட்ட மட்டும் தந்தீரே, சேதி ஒண்ணும் சொல்லலியே."

ஒரு பாட்டு, மழை வரும் என்று சொல்லிச் சொல்லி ஏமாற்றுகிற வானத்தைத் திட்டுகிறது. கடன் கேட்டு வந்தவனைப் பார்த்ததும் ஆட்டுக்கிடைக்குள் ஒளிகிற மாமனாரைப் பற்றி ஒன்று. நல்ல பாட்டு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இந்தப் பாட்டுகளில் பொய் இல்லை. யாரையும் தூக்கிவைத்துப் பாடவில்லை. எங்களை மாதிரி ஆட்கள் பேசுகிற பேச்சு, திட்டுகிற திட்டு. நூறு தடவை கேட்ட பிறகும் ஏதாவது ஒரு சொல் புதிதாக வந்து குத்தும். ஊரைக் கூட்டி ஆடவைக்கிற பாட்டுகளை அடுத்த வருஷம் நான் மறந்துவிடுகிறேன். இதை மறக்க முடியவில்லை.

அக்கா இப்போது மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கிறார். காலையில் எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுவருவார். மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் அங்கே போய்ப் பிடித்தேன்.

"அக்கா, எம்மக கல்யாணத்துல உங்க பாட்டப் போடப் போறேன். நீங்களும் வரணும்."

அவர் பூக்கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "வேண்டாம்மா. அது செத்த வீட்டுக்குன்னு ஆயிட்டு. அங்கனயே கெடக்கட்டும். நாளைக்கு ஒரு பிள்ள தடுக்கி விழுந்தாலும் எந்தலையிலதான் விடியும்."

"நீங்க என்னைக்காவது அத முழுசாக் கேட்டிருக்கீங்களா?"

"எங்க கேக்க? எங்க மாமியா வீட்டுல போட விடல. கேக்குத எடத்துலல்லாம் ஒருத்தி மாரடிச்சு அழுதுக்கிட்டுக் கெடப்பா. அங்கன நின்னு எம்பாட்டுக்கு நானே தலையாட்ட முடியுமா?"

தன் பாட்டைத் தானே உட்கார்ந்து கேட்க முடியாத ஒரு பாட்டுக்காரி. இதை விடப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

என் அண்ணன் குதித்தான். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? தாலி கட்டுத எடத்துல எழவுப் பாட்டா?"

"எழவுன்னு எந்த வரியில இருக்கு? சொல்லு."

"வரி என்னட்டி வரி. ஊரே சொல்லுது."

"ஊரு என்னையுந்தான் தாலி அறுத்தவன்னு சொல்லுது. அதுக்கு எம்மக கல்யாணத்துக்கு நான் வராம இருக்கவா?"

"வா. மேடைல மட்டும் ஏறாத" என்றான். கூடப்பிறந்தவன் சொன்னான். வெடுக்கென்றுகூடச் சொல்லவில்லை, வெகு சாதாரணமாகச் சொன்னான்.

மாப்பிள்ளை வீடு சிவகிரி. அவர்களுக்குத் தெரியாமல் போட்டுவிட்டு என் மகளை மாட்டிவிட நான் தயாராக இல்லை. பஸ் ஏறிப் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவிடம் நேராகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல இது என்ன பேச்சு மைனி?"

"முதல்ல கேளுங்க. பொறவு ஏசுங்க" என்று போனை எடுத்து அந்த மூன்றாவது பாட்டைப் போட்டேன். முதல் வரிக்கு இறுக்கமாக இருந்தார். இரண்டாவது வரிக்கு வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரம் பம்புசெட்டுக்குக் கரண்டு வரவில்லை என்று அவர் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார்.

"என்னட்டி சிரிப்பு?" என்றார் அவர்.

"ஒம்மத்தான் பாடிருக்கா. படும்."

அந்த அம்மா சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாட்டுல ஒரு குத்தமும் இல்ல மைனி. ஆனா நாளைக்கு எம்மவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இதத்தான் சொல்லுவாவ."

"சொல்லட்டும். உங்க வாயில வராம இருந்தா எனக்குப் போதும்."

அவர் கட்டிலில் படுத்திருந்தவரை ஒருமுறை பார்த்தார். பிறகு, "தாலி கட்டுத நேரம் வேண்டாம். பந்தியில போடுங்க" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். சம்மதம் கேட்டுத்தானே போனேன்.

கல்யாணத்தன்று நான் மேடையில் என் மகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணன் முறைத்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தாலி கட்டி முடிந்தது. பந்தி போட்டார்கள். அக்கா கடைசி வரிசையில், எந்நேரமும் எழுந்து ஓடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வரமாட்டேன் என்றவரை நானே போய் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்திருந்தேன்.

மைக்செட்காரர் அதே ஆள்தான். என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "போட்டுரவா தாயி?"

"போடுங்க அண்ணாச்சி."

உடுக்கைச் சத்தம் வந்ததும் மண்டபம் அடங்கிவிட்டது. சோற்றில் வைத்த கைகள் அப்படியே நின்றன. எங்கள் தெருப் பெரியவர் ஒருத்தர் பாதி இலையில் எழுந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். அண்ணனும் எழுந்தான். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

சாம்பார் வாளியோடு நின்ற மாப்பிள்ளையின் அம்மா சத்தம் போட்டார். "எலையில இருந்து எந்திரிக்கது எங்க ஊருல மரியாத இல்ல. உக்காருங்க. அந்தப் பிள்ள என்ன பாடுதுன்னு காதக் குடுத்துக் கேளுங்க."

போகிறவர்கள் போனார்கள். அண்ணன் போய்விட்டான். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாவது பாட்டு வந்ததும் ஒரு பெண் எதிர் வரிசையில் இருந்த புருஷனைப் பார்த்து, "ஏங்க, ஒங்க பாட்டு வருது" என்றாள். "ஒனக்குந்தான் வரும், சும்மா சாப்பிடு" என்றார் அவர். சிரிப்பு ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்குப் போயிற்று. அப்போதுதான் கவனித்தேன். பாதிப் பேருக்கு உதடு அசைந்துகொண்டிருந்தது. வார்த்தையை யாரும் கேட்டதே இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது தப்பு. ஒவ்வொரு எழவு வீட்டிலும் உட்கார்ந்து எல்லாரும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். வெளியே சொல்லத்தான் பயம்.

நான் ரச வாளியோடு அக்காவிடம் போனேன். அழுதிருப்பார் என்று நினைத்தேன். அழவில்லை. தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடவே இல்லை.

"எப்படி இருக்கு அக்கா?"

"சும்மா இரும்மா" என்றார். அந்தப் பாட்டு முடிகிறவரை என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. முடிந்ததும் சொன்னார்: "இதுல ரெண்டாவது அடிய ரொம்ப இழுத்துட்டேன். மூச்சு வாங்குதது கேக்குது பாரு. இன்னொரு தடவ பாடுதேன்னு சொன்னேன். ஸ்டுடியோக்காரன் நேரமாயிட்டுன்னுட்டான்."

"அப்போ இப்ப எப்படிப் பாடுவீங்க?"

"பந்தியில உக்காந்துக்கிட்டா?"

"எங்கனயும் பாடலாம்."

அக்கா இலையில் இருந்த சோற்றை ஒதுக்கினார். தொண்டையைச் செருமினார். அந்த ஒரு அடியை மட்டும், இழுக்காமல், சின்னக் குரலில் பாடினார். பக்கத்து இலைக்காரர்கள் மூன்று பேருக்குக் கேட்டிருக்கும். மைக்செட்டில் அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்படித்தான் இருந்திருக்கணும்" என்றார். பிறகு, "ரசம் ஊத்து" என்றார்.