முட்டியில் நின்ற மோதிரம்

ஒரே ஒரு விரலின் அளவைக் கண்டுபிடிக்க மூன்று நாளாக அலைகிறேன் என்றால் நம்புவீர்களா? சென்னையில் இருக்கும் என் மகள் அவள் அம்மாவுக்கு மோதிரம் செய்யக் கொடுக்கப் போகிறாளாம். செல்போனிலேயே மாதிரி பார்த்து, செல்போனிலேயே சொல்லிவிட்டால் கூரியரில் வந்து இறங்குமாம். "அளவு மட்டும் அம்மாவுக்குத் தெரியாம எடுத்து அனுப்புங்கப்பா. சின்ன வேலதான்" என்றாள். சின்ன வேலையாம்! கோவில்பட்டி வெயிலில் வந்து அலைந்து பார்த்தால் அல்லவா தெரியும்.

அவள் அனுப்பிய தாளில் வரிசையாக வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பழைய மோதிரத்தை வட்டத்தின்மேல் வைத்துப் பார்க்க வேண்டுமாம். பழைய மோதிரம் இருந்தால் நான் ஏன் தாயே இந்தப் பாடு படுகிறேன்? இரண்டாவது வழி, ஓரத்தில் இருக்கும் துண்டுத்தாளை வெட்டி விரலில் சுற்றுவது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். 'இந்தக் கோடு ஐந்து சென்டிமீட்டர் இருக்கிறதா என்று சரிபார்க்கவும்' என்று அடியில் போட்டிருந்தது. ஸ்கேலை வைத்தால் நாலரை. திரும்பவும் நடந்து போய்க் கேட்டேன். கடைக்காரம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "மிஷினு தாளுக்குத் தக்கன தானா சுருக்கிரும் அண்ணாச்சி. கொஞ்சம் சுருங்குனா என்ன இப்போ?" என்றார்.

கொஞ்சம் சுருங்கினால் என்ன ஆகும் என்று என்னிடமா கேட்பது?

அந்தக் காலத்தில் நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டுவதை மேற்பார்க்கிற வேலையில் இருந்தேன். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே ஃபைலும் கிடையாது, ஃபேனும் கிடையாது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நீலத்தாளில் பசை தடவிப் பெட்டி ஒட்டுவார்கள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை. அந்தப் புளித்த வாடை உடம்பிலேயே ஏறிவிடும். கடம்பூர் போளியை ஆசையாக வாங்கி வாயருகே கொண்டு போனால் நெய் மணக்காது, என் கைதான் மணக்கும்.

ஒட்டின பெட்டியை நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் தாள் இறுகி மேல்பெட்டி சுருங்கிவிடும், அடிப்பெட்டி உள்ளே நுழையாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. "ஏட்டி, நெழல்ல போடுங்க, நெழல்ல போடுங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்!" என்று பொழுதெல்லாம் கத்துவேன். அதனால் எனக்கு 'நெழலு' என்று பட்டப்பெயர். நான் வாசலில் தலையைக் காட்டினாலே "நெழலு வருது, நெழலு வருது" என்று வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடும்.

அந்த வரிசையில் நாலாவதாக உட்கார்ந்திருந்தவளைத்தான் எனக்குப் பேசி முடித்தார்கள். பேசி முடித்த மறுநாளிலிருந்து அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் கௌரவமாக மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். எங்களுக்குள் பத்தடி தூரம்கூட இருக்காது. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் பெண்ணுக்கு மோதிரம் போட வேண்டும், அளவு வேண்டும். நேரே போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. நானோ பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லியனுப்பினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தால் என் மேஜைமேல் ஒரு நீலத்தாள் மோதிரம். தாளை மடித்துப் பசை தடவி, விரலில் சுற்றி ஒட்டி, ஈரத்தோடேயே கழற்றி வைத்திருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைப் பையில் போட்டால் ஒட்டிக்கொண்டு நசுங்கிவிடுமே என்று அதைப் பத்திரமாக எங்கே வைத்தேன் தெரியுமா? ஜன்னல் கட்டையில். சுள்ளென்று அடிக்கிற மேற்கு வெயிலில். நான்! நெழலு!

நகை ஆசாரி அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காஞ்ச தாள நம்ப முடியாது தம்பி. பிள்ள விரல்ல ஒரு நூலச் சுத்தி வாங்கிட்டு வாங்களேன்" என்றார். இன்னொரு தரம் சொல்லியனுப்ப எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தைக் கோபமாகக் காட்டத்தான் அந்த வயதில் தெரிந்திருந்தது. "நான் குடுத்த அளவுல செய்யுங்க, போதும்" என்று வந்துவிட்டேன்.

நிச்சயத்தன்று மோதிரம் விரலில் பாதி தூரம் போய் முட்டியில் நின்றது. தேங்காயெண்ணெய் தடவினார்கள். சோப்பு போட்டார்கள். விரல் சிவந்ததுதான் மிச்சம். என் அத்தை எட்டிப் பார்த்து, "பெட்டி ஒட்டுத கைல்லா! முட்டி தடிச்சுப் போச்சு" என்றார். சபையே சிரித்தது. அவள் கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். எனக்கு அந்த ஜன்னல் கட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தப்பு என்மேல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது மட்டுமா? "அளவ ஒழுங்காக் குடுத்திருக்கணும்" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அந்த மோதிரம் கொஞ்ச நாள் அவள் சுண்டுவிரலில் கிடந்தது. பிறகு மகளுக்குக் காது குத்தும்போது உருக்கித் தோடாக்கினோம். அதுவரை அதைப் பெரிதாக்கித் தரும்படி அவளும் கேட்கவில்லை, நானும் ஆசாரியிடம் கொண்டு போகவில்லை.

நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரி கண்ணயர்ந்திருந்தாள். நூலை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சுற்றுகூட முடியவில்லை, விழித்துவிட்டாள். "என்ன செய்யுதீங்க? எறும்புன்னுல்லா நெனச்சேன்" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். "இதுக்குப் போயி எதுக்குத் திருட்டுத்தனம்? கேட்டா நீட்டப் போறேன்."

அளந்தேன். விரலின் அடியில் ஓர் அளவு, முட்டியில் அதைவிட ஐந்து எண் கூடுதல். வாதத்தில் மூட்டுகளெல்லாம் வீங்கிக் கிடக்கின்றன. மகளுக்குப் போன் போட்டால், "முட்டி தாண்டுத அளவுல செஞ்சா அடியில நிக்காம கழண்டுரும்பா. ரெண்டுல எதக் குடுக்க?" என்கிறாள். எதைச் சொல்வது? அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவள் கை இன்னும் என் கையில்தான் இருந்தது. "அன்னைக்கு நீ அளவு சரியாத்தான் குடுத்த. நாந்தான் வெயில்ல வச்சுட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "வீட்டுக்குப் போகையில அது ஜன்னல்ல கெடந்ததப் பாத்தேன். சபையில நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அன்றைக்கு அந்த முட்டி தடித்திருக்கவில்லை. சரியான அளவில் செய்த மோதிரம் என்றால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும் விரல் அது. இதை அந்தச் சபையில் சொல்லியிருக்க வேண்டும். இனி யாரிடம் போய்ச் சொல்ல? அன்று அங்கே உட்கார்ந்து சிரித்த பெரியவர்களில், என் அத்தை உட்பட, ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.