பாதி வாழை, பாதி பாலியஸ்டர்

ஹபீபாவின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மற்ற எதுவும் விளங்காது. தாராவியில் அவள் இருக்கிற சந்துக்குள் மீன்காரி கூடையை இறக்கக்கூட மாட்டாள், அதற்குள் மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்துவிடும்: "இது நேத்துப் பிடிச்ச மீன்லா? யாரை ஏமாத்துத?" எந்த வீட்டில் பால் அடிப்பிடித்தாலும் அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் இவளுக்குத் தெரியும். அவள் புருஷன் உதுமானுக்குத் தோல் பெல்ட் கார்கானாவில் வேலை. வரும் வழியில் அவர் எந்த ஓட்டலில் என்ன தின்றார் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுவாள். "இவளைப் போலீஸ்ல சேத்திருக்கணும், மோப்ப நாய்க்குச் சோறு போடுத செலவு மிச்சம்" என்பார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் கொஞ்சம் பயமும் உண்டு.

தொழிலுக்கும் அந்த மூக்குதான் துணை. வீட்டுக்கு மேல்தட்டில் மூன்று தையல் மிஷின் போட்டுப் பிள்ளைகளுக்கான பிராக், சட்டை, ஸ்கூல் யூனிபார்ம் எல்லாம் தைத்துக் கொடுக்கிறாள். புதுத் துணி எது வந்தாலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்தி மோந்து பார்ப்பாள். காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு உருகி, கருப்பாக மிளகு மாதிரி இறுகினால் பாலியஸ்டர். வியாபாரி என்ன சத்தியம் பண்ணினாலும் தீக்குச்சி சொல்வதைத்தான் நம்புவாள்.

இப்படிப்பட்ட மூக்கு, பெற்ற மகள் விஷயத்தில் மட்டும் பொய் சொல்ல வேண்டியதாகிப் போனது. அதுதான் கொடுமை.

மகள் சஃபீனா அஞ்சாம் வகுப்பு. ஒரு நாள் விளையாட்டுப் பீரியட் முடிந்து வகுப்புக்குள் வந்தபோது, ஒரே பெஞ்சில் உட்காருகிற கீழ்வீட்டுத் தமன்னா மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, பத்பூ!" என்று எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான், வகுப்பே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த பெஞ்சில் சஃபீனா தனி. ரெண்டு வேளை குளித்தாள். மாவில் புரட்டிய பணியாரம் மாதிரி பவுடர் பூசிக்கொண்டாள். வேர்க்குமே என்று ஓடுவதை விட்டாள், ஆடுவதை விட்டாள், இடைவேளையில் சுவரோரம் போய் நின்றாள். டாக்டர் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை, வளர்கிற வயசு என்றார். ஆனாலும் சாயங்காலம் யூனிபார்மோடு வந்து நிற்கும்போது வாடை இருந்தது. ஹபீபாவுக்கா தெரியாது?

"உம்மா, நாறுதா?"

"இல்ல புள்ள."

"பொய். மீனுக்கு மட்டும் நெசத்தைச் சொல்லுத."

ஹபீபா அவள் யூனிபார்மைக் கழற்றி வாளியில் முக்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் விஜயலக்ஷ்மி ஒரு புதுத் துணியோடு மேல்தட்டு ஏணியில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். மாட்டுங்காக்காரி, செம்பூரில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கிறாள், ஹபீபாவுக்குப் பழைய வாடிக்கை.

"ஹபீபா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்கோளேன். என்னன்னு சொல்லுங்கோ பாப்போம்."

ஹபீபா மோந்தாள், கசக்கினாள், நூலை உருவிக் கொளுத்தினாள். காகித வாடைதான். ஆனால் பருத்தி மட்டும் இல்லை, தொட்டால் கூடவே ஒரு மினுமினுப்பும் மொரமொரப்பும் இருந்தது. பல நாளைக்குப் பிறகு அவள் மூக்கு தோற்றுப்போனது, அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட!

"வாழைநார்! குலை வெட்டினப்புறம் மரத்தை வீணாத்தானே போடறா? அதுலேர்ந்து நார் உரிச்சு, பாதிக்குப் பாதி பருத்தி சேர்த்து நெய்திருக்கா."

"உங்க மாட்டுங்கா மார்க்கெட்ல பூக் கட்டுவாங்களே, அந்த நாரா?"

"அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கைன்னு வச்சுக்கோங்கோ. வேர்வை வாடையே பிடிக்காதுன்னு விக்கறவன் சொல்றான். எனக்குப் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். நாலஞ்சு சட்டை தைச்சு இங்கே இருக்கற குழந்தைகள்ட்ட குடுங்கோ. சில நாள் துவைக்காம போட்டுக்கட்டும். வாடை இல்லேன்னா இந்த சீசன் தையல் பூரா உங்களுக்குத்தான்."

சீசன் தையல் என்றதெல்லாம் ஹபீபா காதில் விழவே இல்லை. வேர்வை வாடை பிடிக்காதாம்! அந்த ஒரு சொல்லிலேயே அவள் மனசு நின்றுவிட்டது. அப்படியும் ஒரு துணி இருக்குமா? இருந்தால் என் பிள்ளை ஓடுவாளே!

சட்டைகள் தயாராயின. ஒன்று சஃபீனாவுக்கு. சந்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஒவ்வொரு தாயிடமும் படித்துப் படித்துச் சொன்னாள்: துவைக்கப்பிடாது, அழுக்கோடயே தரணும். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சில நாள் கழித்துச் சட்டைகள் திரும்பி வந்தன பாருங்கள், ஒவ்வொன்றும் மாப்பிள்ளைச் சட்டை மாதிரி! ஒன்றில் அத்தர். ஒன்றில் சோப்பும் நீலமும். எதிர்வீட்டுப் பேராச்சி மகன் சட்டை, இஸ்திரி மடிப்போடு சாம்பிராணிப் புகையில் கமகமவென்றிருந்தது.

"துவைக்கப்பிடாதுன்னுதான சொன்னேன், பேராச்சி?"

"நல்லா இருக்கே கதை! எம்பிள்ளை அழுக்குச் சட்டையக் கடைக்காரம்மா மோந்து பாப்பாவளாம், நான் குடுத்து விடணுமாம். வீட்டு மானம் என்ன ஆவுறது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாம்பிராணி போட்டேன், சட்டையையும் சேத்துக் காட்டுனேன். தப்பா?"

தப்பென்று எப்படிச் சொல்வது? ஹபீபாவே அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். போகட்டும், சஃபீனா சட்டையாவது இருக்கிறதே என்று எடுத்தால், அது ஈரம். பிள்ளை வேளைக்கு ஒரு தடவை குளியலறையில் யாருக்கும் தெரியாமல் அலசி, காயாமலே போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறது.

விஜயலக்ஷ்மி வந்து சட்டைகளை மோந்துவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தாள். "எங்காத்துலயும் இதேதான் பண்ணியிருப்பா. ஆனா இனிமே எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அந்தக் கேள்வி ஹபீபாவை விடவில்லை. சோறு வடிக்கும்போதும் அதுதான், நூல் கோக்கும்போதும் அதுதான். துணி நிசமா பொய்யா? ஒரு யூனிபார்ம் சட்டையை வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கையில், இடது முன்பக்கத்தையும் வலது முன்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவள் அப்படியே கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அட, இதில் என்ன யோசனை! இடது பாதி யூனிபார்ம் துணி, வலது பாதி வாழைத்துணி. ஒரே சட்டை, ஒரே பிள்ளை, ஒரே வெயில். தைத்தே விட்டாள்.

சஃபீனா சட்டையைப் பார்த்ததும் அழத் தயாரானாள். "நான் போட மாட்டேன். ஓடுனா நாறும்."

"நாறட்டுமே! எங்க நாறுதுன்னு பாக்கணும்லா? உனக்குத் தெரிஞ்சுக்க ஆசை இல்லையா?"

ஆசை இருந்தது. தாயின் மூக்கு வாய்க்காவிட்டாலும் தாயின் துருதுருப்பு வாய்த்த பிள்ளை அது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனார்கள். சஃபீனா முதலில் நடந்தாள். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓடினாள். அப்புறம் ஹபீபா என்ன செய்தாள் தெரியுமா? புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "புடி பாப்போம்!" என்று அவளே ஓட ஆரம்பித்தாள். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! பிள்ளை எத்தனையோ நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, கன்னமெல்லாம் சிவக்க ஓடியது. அன்று முழுக்கச் சட்டையைக் கழற்றவில்லை.

மறுநாள் காலையில் சோதனை. ஹபீபா துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். "எந்தப் பக்கம்னு சொல்லாத. மாத்தி மாத்தி நீட்டு."

சஃபீனா ஒரு பக்கத்தை நீட்டினாள். ஹபீபா மூக்கைச் சுளித்தாள். அதே வாடை. அரிந்து வைத்து மறந்த வெங்காயம் மாதிரி, சாயங்காலம் சாயங்காலம் அவள் இல்லை என்று பொய் சொன்ன அதே வாடை. அடுத்த பக்கத்தை மோந்தாள். வேர்வை இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் லேசாக, ஈரத்துண்டு மாதிரி. மறுபடி மறுபடி நீட்டச் சொன்னாள். ஒரு தடவைகூட மாறவில்லை.

கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். வெங்காய வாடை யூனிபார்ம் பக்கம். ஈரத்துண்டு, வாழைப் பக்கம்.

சஃபீனா இரண்டு பக்கத்தையும் தானே மோந்து பார்த்தாள். "அப்ப... நான் நாறலயா உம்மா?"

"நீ நாறல, என் செல்லமே. சட்டைதான் நாறியிருக்கு. நான் தச்ச சட்டை."

ஹபீபா அந்த யூனிபார்ம் பாதியைக் கையில் எடுத்தாள். கிழியாது, வெளுக்காது, சீக்கிரம் காயும் என்று தானே பார்த்துப் பார்த்து எடுத்த பாலியஸ்டர். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் உடம்பில் அவள் தைத்ததுதான் கிடக்கிறது. எல்லாத் துணியையும் கொளுத்தி மோந்து பார்த்தாளே, வேர்வையோடு ஒரு தடவை மோந்து பார்க்கத் தோன்றியதா? மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள்.

விஜயலக்ஷ்மிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள்: "வாடையே இல்லாம இல்லக்கா, ரொம்பக் கொறச்சல்." அந்தப் பக்கம் விஜயலக்ஷ்மி, "கடைல அப்படியே சொல்லி வித்துட்டாப் போச்சு, தைக்க ஆரம்பிங்கோ" என்றாள்.

சஃபீனாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? அவள் சட்டையை அலசிக் காயவைத்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். தமன்னாவின் கதவைத் தட்டிச் சட்டையை அவள் கையில் திணித்தாள்.

"போட்டுட்டு ஓடு. நாளைக்கு ரெண்டு பக்கமும் மோந்து பாரு. துவைக்காத!"

அப்படியொரு விசித்திரச் சட்டையை யார்தான் போட்டுப் பார்க்காமல் இருப்பார்கள்? தமன்னா அன்று சாயங்காலம் பூரா சந்தில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மேல்தட்டு வரை கேட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் ஏணியில் காலடி கேட்டது. தமன்னா. சட்டை கையில் சுருட்டிக் கிடந்தது, தலை நிமிரவில்லை. மிஷின் முன்னால் கிடந்த பெஞ்சில் சஃபீனா உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மேரா பி, மாமி" என்றாள் தமன்னா, ஹபீபாவைப் பார்த்து. பிறகு சஃபீனா பக்கம் திரும்பி, யூனிபார்ம் பாதியைக் காட்டி, "எனக்கும் இந்தப் பக்கந்தான் நாறுது."

சஃபீனா மற்ற சாக்ஸையும் இழுத்து மாட்டினாள். அப்புறம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.