கேட்டுப் படிக்கிற மகள்

என் பிள்ளைகளே, உங்கள் அக்காவின் படிப்பை நான் நிறுத்தப் போன கதை இது.

ஆறாம் தரம் வந்தும் அவளுக்கு வாசிக்க வரவில்லை. இரவு மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்த அலுப்போடு பள்ளிக்கூடம் போனேன்.

"நிப்பாட்டுறன் ரீச்சர். இவள் மொக்கு, படிப்பு ஏறாது. றால் உரிக்கவாவது போகட்டும்."

கல்வி உளவியல் படித்த ரீச்சர் கேட்டார்: "மாதா கோயிலிலை மன்றாட்டுமாலைச் செபம் சொல்லுவாளோ?"

"ஓம், ஒரு சொல் பிசகாது. கேட்டுக் கேட்டே பாடமாக்கினவள்."

"பிறகென்ன மொக்கு எண்டுறியள்? எழுத்துத்தான் அவளுக்குக் கஷ்டம். அதை ஆறுதலா, மெல்ல மெல்லப் பழக்குவம். அதுவரைக்கும் பாடத்தை வாசிச்சுக் காட்டுங்கோ, நான் வாயாலை கேள்வி கேக்கிறன்."

"நானே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறனான்."

"அது காணும் அண்ணை, அவளுக்குக் காதிலை விழுந்தாப் போதும்."

அவளை நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் உங்களை ஏசுமுன், எப்படிச் சொன்னால் உங்களுக்கு விளங்குகிறது என்று பார்க்கிறேன்.

ரீச்சரைப் பார்த்த அன்று பின்னேரம் வலையைக் காயப்போட்டுவிட்டு, வள்ளத்தில் தனியே இருந்து, அவளுடைய விஞ்ஞானப் பாடத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, நான் கடலில் இருக்கும்போதும் அவள் கேட்கட்டும் என்று போனில் பதிந்தேன்.