ஏழாம் கல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு

என் தந்தையின் தம்பி, அதாவது என் சித்தப்பா, நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தார். பணிக்காலம் முழுவதும் ஒரே தடம்: சந்தை முதல் பாலம் வரை. ஓய்வு பெற்ற மறு மாதமே வட்டார வரலாற்றுக் கழகத்தில் துணை உறுப்பினராகச் சேர்ந்தார். கழகம் மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் கூடும். சித்தி தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றியவர். தாம் ஓய்வு பெற்றதும் அவரும் கழகத்தில் சேர்ந்தார். "சனிக்கிழமையானா இவர் ஸ்கூட்டரை எடுத்துட்டுக் கிளம்பிடறாரு. நானும் பின்னாடி ஏறிக்கிட்டா, கூட்டம் முடிஞ்சதும் பக்கத்துத் தெருவுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்பது அவர் சொன்ன காரணம்.

இதுவரை சொன்னவற்றுக்குச் சான்று உண்டு. சித்தப்பா பிடிவாதக்காரர் என்பது என் கணிப்பு. அதற்குச் சித்திதான் சான்று.

கழகத்தில் துணை உறுப்பினருக்கும் முழு உறுப்பினருக்கும் உள்ள வேறுபாடு ஒரு சாவி. பழைய நிலப்படங்கள் இருக்கும் கண்ணாடி அலமாரியை முழு உறுப்பினர் மட்டுமே திறக்கலாம். படம் பார்க்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் சித்தப்பா செயலாளர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சாவி கைக்கு வர வேண்டுமானால் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும், குலுக்கலில் பெயர் வந்த உறுப்பினர் எழுந்து மறுத்துப் பேசுவார். அதற்கு ஆதாரத்தோடு விடை சொல்ல வேண்டும், அல்லது குறையை ஒப்புக்கொண்டு அங்கேயே திருத்த வேண்டும். இரண்டும் செய்யாதவரின் கட்டுரை தள்ளப்படும். ஐந்தாண்டுகளுக்கு அவர் மீண்டும் வாசிக்க முடியாது.

சித்தப்பாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. "இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு அந்த மாடிப்படியை ஏற என் முட்டி சம்மதிக்கணுமே" என்று சொல்லிச் சொல்லி எழுதினார். எழுதியதை வீட்டில் ஒருவருக்கும் காட்டவில்லை.

கட்டுரை ஏழாம் கல் என்னும் பேருந்து நிறுத்தத்தைப் பற்றியது. கல் என்றால் மைல் என்றே எல்லோரும் கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த நிறுத்தம் ஊர் நடுவிலிருந்து இரண்டு மைல்கூட இராது. அது மைல்கல்லே அன்று, துணி துவைக்கும் கல் என்பது சித்தப்பாவின் முடிவு. வாய்க்கால் கரையில் சலவைக்காரர்கள் வரிசையாகக் கற்கள் போட்டிருந்தார்கள். ஆறு கற்கள் அவர்களுக்கு, ஏழாவது வழிப்போக்கர்களுக்கான பொதுக்கல். அதனால் வண்டிகள் அங்கே நின்றன, பெயரும் நின்றது. நிலப்படத்தில் அந்த இடத்தில் 'துவைதுறை' என்று எழுதியிருப்பதைக் காட்டினார். மருந்துக் கடை வாசற்படியாகக் கிடக்கும் தேய்ந்த கல் ஒன்றின் புகைப்படத்தையும் காட்டினார். நான் பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன், கைத்தட்டல் உண்மையானது.

ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியரான தலைவர் பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிச் சீட்டை எடுத்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"விசிலு, உங்க வீட்டம்மாதான்" என்றார். கழகத்தில் சித்தப்பாவுக்கு அதுதான் பெயர்.

"ஏன், வீட்டுல நடக்கறது பத்தாதா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். அறை குலுங்கியது.

"வேணும்னா வேற சீட்டு எடுக்கலாமே" என்றார் செயலாளர்.

"எதுக்கு? நானும் சந்தா கட்டித்தானே உக்காந்திருக்கேன்?" சித்தி எழுந்தார். "கட்டுரை ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். ஏழாவது கல் பொதுக்கல்னு 'முதியோர் கூறினர்'னு வாசிச்சாரு. எந்த முதியோர்?"

"பல பேரு" என்றார் சித்தப்பா.

"ஒருத்தரையாவது சொல்லட்டும்."

"அவரு இப்ப உயிரோட இல்ல."

"பல பேருன்னாரு, இப்ப ஒருத்தராயிட்டாரு!"

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முதியவர் யார் என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும். சித்தியின் தந்தை கொத்தனார். வாய்க்கால் கரை கட்டிய காலத்தில் அங்கே வேலை பார்த்தவர். மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தத் துவைகல் கதையைச் சொல்வார். சித்தப்பா விடமாட்டார். "மாமா, அது மைல்கல்லு. தினம் எத்தனை தடவை அந்த ஸ்டாப்புல நிக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்பார். "நிக்கிறீங்க மாப்ள, இறங்கிப் பாத்தீங்களா?" என்பார் அவர். கூரை ஒழுகுவது எங்கிருந்து என்பதிலும் மாமனார் சொன்னது சரி என்று சித்தப்பா ஒருநாளும் சொன்னதில்லை. மாமனார் காலமான பிறகுதான் அந்த நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்திருக்கிறார்.

"அந்தப் படிக்கல் போட்டோ இருக்கே" என்றார் சித்தப்பா.

"அது துவைக்கிற கல்லுங்கறதுக்குச் சரி. பொதுக்கல்லுங்கறதுக்கு?" என்றார் செயலாளர், வருத்தத்தோடு.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தப்பா அலமாரியைப் பார்த்தார். சித்தி கோபப்படவில்லை, இணைப்பகத்தில் பழகிய அதே குரலில், "லைன்லதான் இருக்கேன், சொல்லுங்க" என்றார்.

சித்தப்பா பேனாவைத் திறந்து, மேசை மேல் குனிந்து எழுதினார். பிறகு நிமிர்ந்து, நிறுத்தத்தின் பெயரைக் கூவும் குரலில் படித்தார்: "அடிக்குறிப்பு. இதைச் சொன்னவர் என் மாமனார், கொத்தனார்."

"முழுசா எழுதச் சொல்லுங்க."

"இன்னும் என்ன?"

"சொன்னப்ப கட்டுரையாளர் நம்பலைன்னு."

சித்தப்பா மறுபடி குனிந்தார். இம்முறை கொஞ்சம் அதிகமாகவே எழுதினார். "அவர் சொன்னபோது கட்டுரையாளர் நம்பவில்லை. அவர் சொன்னதே சரி."

கடைசி வாக்கியத்தை எழுதச் சொல்லிச் சித்தி கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடினார், எதுவும் எடுக்கவில்லை. "மறுப்பு இல்லைங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

"ரைட்டு, போலாம்!" என்று தலைவர் சாவியை மேசைமேல் வைத்தார்.

அன்று சித்தி அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டரில் ஏறும்போது, "கூரை ஒழுகினதுக்கும் ஒரு அடிக்குறிப்பு கிடைக்குமா?" என்று கேட்டார்.

"ஒரு கட்டுரைக்கு ஒண்ணுதான்" என்றார் சித்தப்பா, சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

அந்த அடிக்குறிப்பு கழகத்தின் ஆண்டுத் தொகுதியில் ஒரு சொல்லும் குறையாமல் அச்சாகியிருக்கிறது. மாமனார் சொன்னதைச் சித்தப்பா ஒப்புக்கொண்டதற்கு எங்கள் குடும்பத்தில் உள்ள ஒரே சான்று அது. அப்போது அவர்களுக்கு மணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகள்.